மைசூர் இருமல்

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். சோம்பல் ஒரு காரணம். எழுதினால் ஒருத்தன் வேலைக்கு ஆபத்து என்பது இன்னொரு காரணம். ஆனால் எங்கள் கபடிக் குழுவின் பொங்கல் மலருக்குப் பக்கம் குறைகிறதாம். "நம்மள்ல வெளிநாடு போயிட்டு வந்தவன் நீ ஒருத்தன்தான், ஒரு பயணக் கட்டுரை எழுது" என்று தலைவர் பிடித்துக்கொண்டார். சத்தியமங்கலத்துக்காரர்களுக்குத் திம்பம் மலையைத் தாண்டினால் வெளிநாடு. பேச்சு வேறு, பஸ் கலர் வேறு, சாம்பார் இனிப்பு. பாஸ்போர்ட் மட்டும்தான் கேட்பதில்லை.

யோசித்துப் பார்த்தேன். அந்த வேலையைக் கொடுத்த ஆபீசருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. தைரியமாக எழுதுகிறேன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் சமாதானமாகப் பிரிந்துவிட்டவர்கள். பிழை இருந்தால் மலர்க் கமிட்டி பார்த்துக்கொள்ளட்டும், அவர்களுக்கும் வேலை வேண்டுமல்லவா.

என்னை 'மைக்' சேகர் என்றால்தான் தெரியும். சுற்றுவட்டாரத்தில் எங்கே கபடி நடந்தாலும் மைக் பிடித்து வர்ணனை செய்வது நான். ஆடுகிறவர்களைக் கிண்டல் செய்வதற்கு துண்டு போர்த்தி மரியாதை செய்கிற தொழில் உலகத்தில் இது ஒன்றுதான். என்னோடு படித்து என்னோடு நின்றவன் பழனி. மைசூரில் கட்டட வேலை, சென்ட்ரிங் அடிக்கிறான். சாயங்காலம் ஆனால் மண்டி மொஹல்லா பேட்டைத் தமிழ் ஆட்களின் அணியில் கபடி ஆடுவான். தசரா சமயத்தில் அங்கே ஒரு போட்டி, மைக்குக்கு நீ வா என்று மளிகைக் கடை போனுக்குக் கூப்பிட்டுச் சொன்னான். நஞ்சன்கூடு பக்கம் ஒரு தொழிற்சாலை, தன் கபடி அணிக்கு ஆள் எடுக்கிறதாம். எடுத்தால் நிரந்தர வேலை. அதன் ஆபீசர் இந்தப் போட்டியைப் பார்க்க வருகிறார். பழனிக்கு இந்த வருஷத்தோடு அவர்கள் வைத்திருக்கிற வயசு தாண்டுகிறது. அடுத்த வருஷம் என்பது அவனுக்குக் கிடையாது.

அந்தப் புரட்டாசியில்தான் சூரத்தில் பிளேக் என்று ரேடியோ சொன்னது. வெளிநாட்டு விமானங்கள் இந்தியாவுக்கு வர மறுக்கின்றன என்று பேப்பரில் போட்டார்கள். எங்கள் தெருவுக்கு டவுன் பஸ்கூடத்தான் வர மறுக்கிறது, அதை யாரும் போடுவதில்லை. எந்தச் சூரத்தோ எந்தச் சத்தியோ என்று நான் கிளம்பிவிட்டேன்.

பஸ்ஸில் நிற்க இடமில்லை. மலை ஏறும்போது புழுதி அடித்து, எனக்கு நிஜமாகவே ஒரு இருமல் வந்தது. பக்கத்து சீட்டுக்காரர் சட்டென்று நகர்ந்தார். அட, இது நல்லாயிருக்கே என்று இரண்டாவதை வேண்டுமென்றே போட்டேன். அவர் எழுந்தே போய்விட்டார். உட்கார்ந்தேன். மூன்றாவதற்கு ஜன்னல் ஓரம் கிடைத்தது. நான்காவதை அடி வயிற்றிலிருந்து எடுத்து, கடைசியில் ஒரு விசில் சேர்த்து விட்டேன். முழு சீட்டும் எனக்கு. காலை நீட்டிப் படுத்துக்கொண்டு, இந்த நோய்க்கு ஏன் இவ்வளவு கெட்ட பேர் என்று யோசித்தேன்.

செக்போஸ்ட்டில் பதில் கிடைத்தது. பஸ் நின்றதும் மொத்த ஜனமும் என்னைக் கை காட்டி, "கெம்மு, கெம்மு" என்றது. கெம்மு என்றால் கன்னடத்தில் இருமல். நான் கற்ற முதல் கன்னடச் சொல் அதுதான். ஒரு நர்சம்மா என் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தார். காய்ச்சல் இல்லை, ஒன்றும் இல்லை என்று சொல்லி, எல்லோர் முன்னாலும் மாத்திரை விழுங்க வைத்தார். கண்டக்டர் அதற்கெல்லாம் மசியவில்லை. என் பையை மட்டும் குச்சியால் தள்ளி இறக்கிவிட்டு விசில் அடித்தார். மீதித் தூரம் வாழைத்தார் லாரியில், பழத்துக்கு மேலே உட்கார்ந்து போனேன். டிரைவர் பேசிக்கொண்டே வந்தார், எனக்கு ஒன்றும் புரியவில்லை. நான் தமிழில் அவருடைய மீசையைக் கிண்டல் செய்துகொண்டே வந்தேன், அவருக்கும் புரியவில்லை. இறங்கும்போது நல்ல சிநேகிதர்களாகிவிட்டோம்.

மண்டி மொஹல்லாவில் சந்துக்குள் ஸ்கூட்டரும் ஆட்டோவும் ஒன்றன் மடியில் ஒன்று உட்கார்ந்திருக்கும் என்று பழனி சொல்லியிருந்தான். அன்றைக்குச் சந்தில் தாராளமாக நடக்க முடிந்தது. பாதிப் பேர் முகத்தில் கர்ச்சீப். கொள்ளைக்காரர்கள் எல்லோரும் காய்கறி வாங்க வந்தது போல இருந்தது.

பழனி என்னைப் போட்டியின் செயலாளரிடம் கூட்டிப் போனான். பேர் ரங்கண்ணா. மேல்கோட்டை வழிக் குடும்பம், வீட்டில் தமிழ், கடையில் கன்னடம், கோபம் வந்தால் இங்கிலீஷ். விளையாட்டுச் சாமான் கடை வைத்திருக்கிறார். கடை வாசலில் நின்றால் வியாபாரம் எப்படி என்று கேட்கவே வேண்டாம். பந்து, பேட், நெட் எல்லாம் வடக்கே ஜலந்தரிலிருந்து மூட்டையாக வந்து இறங்கியிருக்கிறது. வடக்கேயிருந்து வந்த சாக்கில் எலி இருக்கும், எலியில் தெள்ளுப்பூச்சி இருக்கும் என்று அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் பிரிக்க விடவில்லை. மூட்டையை மொட்டை மாடியில் வெயிலில் போட்டிருந்தார். போட்டிக்கான பனியன்களும் அதற்குள்தான்.

"என்ன பண்றது, ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்கோ. பந்துக்கு வெயில் காட்டறேன், வடாம் மாதிரி" என்றார்.

அவர் மட்டுமா. கேலரி கட்டுகிற காண்டிராக்டர் ஜனம் வராது என்று பாதியில் மூங்கிலைப் போட்டுவிட்டுப் போய்விட்டார். கோப்பைக் கடைக்காரர் கோப்பை தயார், வந்து வாங்க ஆள்தான் இல்லை என்கிறாராம். மைதானத்தில் வேர்க்கடலை விற்கிறவர் கடலையை விட்டுவிட்டுக் கர்ச்சீப்பும் கற்பூரமும் விற்றார். அந்த ஊரில் பிளேக்கால் முன்னுக்கு வந்த ஒரே விளையாட்டுத் தொழிலதிபர் அவர்தான். வரவேண்டிய அணிகள் ஒவ்வொன்றாகப் போன் செய்து, ஒன்றுக்கு ஜுரம், ஒன்றுக்குக் கல்யாணம் என்று நின்றுவிட்டன. கடைசியில் மிஞ்சியது பழனியின் அணியும் நஞ்சன்கூட்டு அணியும். அதாவது முதல் ஆட்டமே ஃபைனல்.

காபி குடிக்கப் போனோம். மைசூரில் ஒரு நல்ல பழக்கம், ஒரு காபியை இரண்டு டம்ளரில் பிரித்து 'பை டூ' என்று இரண்டு பேர் குடிப்பார்கள். ஓட்டலில் பை டூ என்றேன். சப்ளையர் என்னை, நான் அவர் வீட்டில் எலியை அவிழ்த்துவிட்டது போலப் பார்த்தார். முழு காபி ஆளுக்கொன்று குடித்தோம். மசால் தோசை மட்டும் பிளேக்குக்குப் பயப்படவில்லை. உள்ளே சிவப்பாகச் சட்னி தடவி, வெண்ணெய் ஒரு கட்டி உட்கார வைத்துக் கொண்டுவந்தார்கள். நம் ஊர்த் தோசை எட்டு முழ வேட்டி என்றால் அது பட்டு வேட்டி. சாம்பாரைத்தான் மன்னிக்க முடியவில்லை. வெல்லம். பாயசத்துக்குப் பக்கத்து வீடு.

பழனி சரியாகச் சாப்பிடவில்லை. தோசையைக் கிள்ளிக்கொண்டே, "ஆட்டம் நடக்குமாடா?" என்றான். அவன் மூன்றாவது தடவையாகக் கேட்டதால் கிண்டலை ஒத்திப்போட்டேன்.

மறுநாள் ஹெல்த் இன்ஸ்பெக்டர் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வந்தார். கெம்மு வந்தால் மறைக்காதீர்கள், கெம்மு உள்ளவரைப் பார்த்தால் சொல்லுங்கள் என்று தெருத்தெருவாகச் சொன்னார். நல்ல குரல். தொழில் முறையில் எனக்குக் கொஞ்சம் பொறாமை. மைதானத்துக்கு வந்ததும் ஆட்டோவை நிறுத்தி, இதெல்லாம் கூடாது என்றார். ரங்கண்ணா கெஞ்சினார். அவர் கெஞ்சினது கன்னடத்தில், பழனி நின்றது எந்தப் பாஷையும் இல்லாமல். அந்த முகத்தைப் பார்த்துத்தான் இன்ஸ்பெக்டர் இறங்கி வந்தார் என்று நினைக்கிறேன். ஆடலாம், ஆனால் ஒவ்வொருத்தரும் வாயைக் கட்டிக்கொண்டு ஆட வேண்டும், யாராவது ஒரு தடவை இருமினாலும் ஆட்டம் காலி, ஆள் ஆஸ்பத்திரி என்றார். ரங்கண்ணா உடனே ஒத்துக்கொண்டார். கபடி தெரிந்த ஒருத்தரும் அந்த நேரம் வாயைத் திறந்து, இது எப்படி முடியும் என்று கேட்கவில்லை.

இந்த மலரைப் படிக்கிற யாருக்காவது கபடி தெரியாமலிருந்தால் அவர்களுக்காக ஒரு வரி. எதிராளியின் பக்கம் போகிறவன் கபடி கபடி என்று ஒரே மூச்சில் பாடிக்கொண்டே போய், ஆளைத் தொட்டுவிட்டு, பாட்டு அறுவதற்குள் நடுக்கோட்டுக்குத் திரும்ப வேண்டும். பாட்டு நடுவரின் காதில் விழ வேண்டும். விழாவிட்டால் அவுட். பழனியின் மூச்சு கிணற்றை விட ஆழம். பாட்டு மட்டும் வண்டு சுற்றுகிற சத்தம்தான் இருக்கும். அதன் மேல் ஒரு கர்ச்சீப்பைக் கட்டினால் என்ன ஆகும்?

அதேதான் ஆயிற்று. மூன்றாம் நாள் சாயங்காலம் ஆட்டம். சுற்றி ஒரு ஈ காக்கை இல்லை. கிரவுண்டின் ஓரத்தில் ஒரு ஜீப் வந்து நின்றது. தொழிற்சாலை ஆபீசர். இறங்கவில்லை. கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்தார். பிளேக் ஜீப்பில் ஏறாது என்று யாரோ சொல்லியிருப்பார்கள். நடுவர் ஒரு பள்ளிக்கூட டிரில் மாஸ்டர், ரொம்ப நேர்மையான மனுஷர். கர்ச்சீப்பில் ஓட்டை போட்டு அதன் வழியாக விசிலை நீட்டிக்கொண்டிருந்தார். மூக்கு முளைத்த கர்ச்சீப் போல இருந்தது. அவரும் பயந்து பத்தடி தள்ளியே நின்றார். பழனி போனான், பாட்டு கேட்கவில்லை, விசில், அவுட். மறுபடி போனான், அவுட். நஞ்சன்கூட்டுக்காரர்களுக்குத் தொண்டை பெரிசு, துணிக்குள்ளிருந்தும் கத்தினார்கள். இடைவேளைக்குள் பழனியின் அணி நன்றாகப் பின்தங்கிவிட்டது. ஜீப்புக்குள் ஆபீசர் பேப்பர் படிக்க ஆரம்பித்துவிட்டார்.

பழனி என் மேஜையருகே வந்து தண்ணீர் குடித்தான். வியர்வை எது, மற்றது எது என்று தெரியவில்லை. "நான் பாடுறேன்டா. நெசமா பாடுறேன். அவுருக்குக் கேக்கல" என்றான்.

எனக்கும் அப்போது கிண்டல் வரவில்லை. பக்கத்தில் கேலரிக்காரர் போட்டுவிட்டுப் போன மூங்கில் கிடந்தது. நல்ல நீளமாக ஒன்றை எடுத்து, நுனியில் என் மைக்கைத் துண்டால் கட்டினேன். நடுக்கோட்டின் ஓரமாக நின்று தூண்டில் போடுவது போல நீட்டினேன். பாடுகிறவன் எங்கே போனாலும் அவன் தலைக்கு மேல் மைக் போகும். நடுவரிடம் சைகை செய்தேன். யோசித்தார். பாட்டு காதில் விழ வேண்டும் என்றுதான் விதி சொல்கிறது, எந்த வழியாக என்று சொல்லவில்லை என்று கன்னடத்தில் சொல்லி விசில் ஊதினார். ரங்கண்ணா இதை எனக்கு மொழிபெயர்த்துவிட்டு அழாத குறையாக என் முதுகில் தட்டினார்.

பழனி கோட்டைத் தாண்டினான். விளக்குக் கம்பத்தில் கட்டியிருந்த புனல் ஸ்பீக்கரில் அவன் பாட்டு வந்தது. வண்டு இல்லை, மில் சங்கு. கபடி கபடி கபடி என்று மண்டி மொஹல்லா முழுக்க, மசூதித் தெரு வரைக்கும், வெங்காய மண்டி வரைக்கும். பாட்டுக்கு நடுவில் மூச்சு துணியில் மோதுகிற சத்தம்கூடக் கேட்டது. ஒரு மொட்டை மாடியில் ஒரு அம்மா துணி எடுக்க வந்தவர் எட்டிப் பார்த்தார். அப்புறம் பக்கத்து மாடியில் இரண்டு பேர். கொஞ்ச நேரத்தில் சுற்றி இருந்த மாடிகளெல்லாம் நிரம்பிவிட்டன. காண்டிராக்டர் கட்டாத கேலரியை ஊரே கட்டிக் கொடுத்தது. டிக்கெட் இல்லாததில் ரங்கண்ணாவுக்கு மட்டும் வருத்தம்.

ஒவ்வொரு பாட்டுக்கும் ஒவ்வொரு புள்ளி ஏறியது. ஜீப்பில் பேப்பர் மடிந்தது. கண்ணாடி இரண்டு விரல் கடை இறங்கியது.

கடைசிப் பாட்டு. இரண்டு பக்கமும் சமம். பழனி போனான். கார்னரில் நின்றவனைக் காலால் தொட்டான். ஏழு பேரும் அவன் மேல் விழுந்தார்கள். புழுதி எழுந்து ஒன்றும் தெரியவில்லை. நான் மைக்கைக் கும்பலுக்கு மேல் நீட்டியபடி நிற்கிறேன். உள்ளேயிருந்து பாட்டு வருகிறது. குவியலுக்குள்ளிருந்து ஒரு கை மட்டும் நடுக்கோட்டை நோக்கி ஊர்ந்து வருகிறது. விரல் கோட்டைத் தொடுகிற நேரம், ஸ்பீக்கரில், ஊர் முழுக்க, ஒரு இருமல்.

மாடிகளிலிருந்து ஜனம் உள்ளே ஓடியது. பிறகு கதவுகள் சாத்துகிற சத்தம். ஜீப் கண்ணாடி ஏறி, என்ஜின் உறுமியது. ஹெல்த் இன்ஸ்பெக்டர் எங்கிருந்தோ ஓடி வந்தார். நடுவர் விசிலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், ஊதவில்லை. பாடியவன் இருமியிருந்தால் பாட்டு அறுந்தது, அவுட், ஆட்டம் போச்சு. அது மட்டுமா. இருமுகிறவனை எந்தத் தொழிற்சாலை அன்றைக்குக் கேட்டுக்குள் விடும்? பழனி எழுந்து நின்றான். கர்ச்சீப்புக்கு மேல் இரண்டு கண் மட்டும். அந்தக் கண்ணை எனக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்து தெரியும்.

எல்லோர் வாயும் கட்டியிருந்தது. இருமியது எந்த வாய் என்று யாருக்கும் தெரியாது. மூங்கிலின் மறு நுனியில் என் வாயும் இருந்தது. மூங்கிலைத் தாழ்த்தி மைக்கை வாய்க்குக் கொண்டுவந்தேன். அதே இருமலை, அதே சுருதியில், பஸ்ஸில் சேர்த்த விசிலோடு இன்னொரு தடவை போட்டேன்.

"கெம்மித்து நானே" என்றேன். இருமினது நான்தான். பிழையாகவும் இருக்கலாம், எனக்குத் தெரிந்த கன்னடம் அவ்வளவுதான்.

நடுவர் விசில் ஊதிப் பழனி பக்கம் கையை உயர்த்தினார். இன்ஸ்பெக்டர் என் பக்கம் கையை உயர்த்தினார். மைக் என் கையில்தான் இருந்தது, சும்மா விட மனசு வரவில்லை. தமிழில் வர்ணனை சொன்னேன். இதோ இன்ஸ்பெக்டர் பாடி வருகிறார், பாட்டு நன்றாகவே கேட்கிறது, சேகர் கார்னரில் மாட்டிக்கொண்டார், தொட்டுவிட்டார், அவுட், சேகர் வெளியேறுகிறார். மூடின ஜன்னல்களுக்குப் பின்னால் யாரோ தமிழ் தெரிந்தவர்கள் சிரித்தார்கள். அது போதும்.

ஆஸ்பத்திரியில் தனி வார்டு. முழு வார்டுக்கும் நான் ஒருத்தன், பஸ் சீட்டு போலவே. ரத்தம் எடுத்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள், செக்போஸ்ட் மாத்திரையையே மறுபடி கொடுத்தார்கள். ரொட்டியும் பாலும் வந்தன. வெல்லம் போட்ட சாம்பாரை நினைத்து ஏங்குவேன் என்று நான் நினைக்கவே இல்லை. ஒரு நர்சம்மா, சேலம் பக்கத்துக்காரர், ஜன்னலுக்கு வெளியே நின்று, "இரும்பு மாதிரி இருக்கீங்க, எங்க போச்சு உங்க இருமல்?" என்று தினமும் கேட்டார். இருமலுக்குச் சொந்தக்காரர் வந்து வாங்கிக்கொண்டு போய்விட்டார் என்றேன். அவருக்குப் புரியவில்லை. ஒன்றும் இல்லை, போகலாம் என்று சொல்கிறவரைக்கும் அங்கே கிடந்தேன்.

விடுகிற அன்றைக்குக் காலையில் பழனி வந்தான். கையில் நஞ்சன்கூட்டு ரசபாளை வாழைச் சீப்பு. உள்ளே விடவில்லை, ஜன்னல் கம்பிக்கு வெளியே நின்றான். நான் போன பிறகு நடந்ததைச் சொன்னான். ஜீப் கேட் வரைக்கும் போய்த் திரும்பி வந்ததாம். ஆபீசர் கண்ணாடியை முழுசாக இறக்கி, அந்த மூச்சு யாருடையது என்று கேட்டாராம். ரங்கண்ணா இவனைப் பிடித்து முன்னால் தள்ளினாராம். தொழிற்சாலை டாக்டர் மார்பில் குழாய் வைத்துப் பார்த்து, குதிரை மாதிரி இருக்கிறான் என்றாராம். அடுத்த மாசம் சேர வேண்டும். இதைச் சொல்கிறபோது அவன் குரல் மறுபடி வண்டாகிவிட்டது. நான்தான் காதைக் கம்பிக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்டேன்.

எனக்கும் தொண்டையில் என்னவோ செய்தது. அந்த இடத்தில் இருமினால் இன்னொரு வாரம் பிடித்து வைத்துக்கொள்வார்கள் என்று அடக்கிக்கொண்டேன். பழத்தை உரித்துக்கொண்டே, நீ பண்ணின தப்புக்கு நான் கம்பி எண்ணுகிறேன், கடைசி நேரத்தில் பாட்டை அறுத்துவிட்டு இருமினவனே, ஊருக்கு வந்தால் மைக்கில் உன்னை விடமாட்டேன், என்ன சொல்கிறாய் என்றேன்.

பழனி முன்னும் பின்னும் பார்த்தான். நர்சம்மா இல்லை, யாரும் இல்லை. கர்ச்சீப்பைக் கீழே இறக்கினான்.

"இருமுனது நாந்தான், ஒத்துக்கறேன், ஆனா பாட்டு அறுபடலடா மாப்ள."